நெல்மணி அளவில் ஒரு போர்க்களம்

புறத்திணை இலக்கியத்தை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பொதுவான இடர்ப்பாடு ஒன்று உண்டு. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று திணைகளை வரிசைப்படுத்தி, துறைகளை விளக்கி முடித்த பின்னும், கேட்டுக்கொண்டிருக்கும் மாணவரின் மனத்தில் ஒரு போர்க்களம் எழுவதில்லை. படை எத்தனை பெரியது, இரு படைகளுக்கும் இடையே தொலைவு எவ்வளவு, அத்தொலைவைக் கடக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்னும் வினாக்களுக்குப் பாடல்களில் விடை கிடைப்பதில்லை; புலவர்க்கு அவை வேண்டியனவும் அல்ல. பதினேழு ஆண்டுகளாக இந்த இடர்ப்பாட்டோடு வாழ்ந்துவரும் எனக்கு, சென்ற ஆண்டு கையடக்கமான ஒரு பொட்டலத்தின் வாயிலாக வேறு வகையான போர்க்களம் அறிமுகமாயிற்று. அதனை நம் துறை மலரில் எழுதுதல் பொருந்துமா என்று சிறிது தயங்கினேன். போரைப் பற்றியும் தோற்றவரைப் பற்றியும் பேசுவது தமிழ்த்துறைக்குப் புறம்பான பொருள் ஆகாது என்று தேறியே எழுதலானேன்.

என் தமக்கையின் மகன் இங்கிலாந்தில் பொறியாளராகப் பணிபுரிகின்றான். அங்குள்ள நண்பர்களோடு சேர்ந்து, ஓய்வு நாள்களில் மேசைமேல் போர் ஆடும் பழக்கம் அவனைப் பற்றிக்கொண்டது. உலோகத்தால் வார்த்த சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டி, மேசைமேல் மலையும் ஆறும் அமைத்து, அளவுகோலால் அளந்து படைகளை நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வி காண்பது அவ்விளையாட்டு. அவன் எனக்கு அனுப்பிய பொட்டலத்தில் இருந்தவை ஆறு மில்லிமீட்டர் உயரமுள்ள வீரர்கள். ஒரு நெல்மணியை நிறுத்திவைத்தால் அதற்கு ஏறத்தாழ நிகராக நிற்பர். மூவர் நால்வராக ஒரே அடித்தட்டில் வரிசையாக வார்க்கப்பட்டிருந்தனர். கண்ணாடியை மாற்றிக்கொண்டு சாளரத்தருகே சென்று பார்த்த பின்னரே சிலர் கையில் வேலும், சிலர் கையில் துப்பாக்கியும், ஒருவன் கையில் கொடியும் இருப்பது புலனாயிற்று. “மாமா, இது சூடான் படை. பத்திரமாக வைத்திருங்கள், விடுமுறையில் வருகிறேன்” என்று ஒரு தாளில் எழுதியிருந்தான்.

இவ்வுருவங்கள் செய்யப்படும் முறை எளியது. மூல உருவத்தை ஒரு சிற்பி செதுக்குகின்றார். இக்காலத்தில் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுப்போரும் உளர். அதனை வட்டமான ரப்பர்த் தட்டுகளுக்கிடையே வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து அச்சாக்குகின்றனர். அச்சைச் சுழலவிட்டு நடுவில் உருக்கிய உலோகத்தை ஊற்ற, சுழற்சியின் விசையால் அது துப்பாக்கியின் நுனிவரை ஓடி நிறைகின்றது. உலோகமோ வெள்ளீயமும் காரீயமும் பிறவும் கலந்த கலவை. இப்போது காரீயத்தைக் குறைத்தும் தவிர்த்தும் செய்கின்றனர். ஈயம் என்றவுடன் எனக்கு நினைவில் எழுபவர், எங்கள் தெருவில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வந்த முதியவர்தாம். துருத்தியை மிதித்து, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளிபோல் உருகிய ஈயத்தைத் துணியால் ஒரு சுற்று இழுப்பார். கறுத்த பானை நிலவாகிவிடும். அந்த ஈயத்தில் ஒரு படை ஒளிந்திருக்கக்கூடும் என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போரை விளையாட்டாக்கும் எண்ணத்திற்கு நாம் வியக்க வேண்டியதில்லை. நால்வகைப் படையின் பெயரையே தாங்கிய சதுரங்கம் இந்நாட்டில் தோன்றிப் பாரசீகர், அரபியர் வழியே மேற்கே சென்றது. ஆயினும் சதுரங்கக் கட்டத்தில் மழை பெய்வதில்லை. காய்கள் அஞ்சி ஓடுவதில்லை. அவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு, நிலப்படத்தின்மேல் ஆடத்தக்க பயிற்சி ஒன்றைப் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் என்பவர் வகுத்தார்; அவர் மகன் 1824-இல் அதனைத் திருத்தி நூலாக்கினார். அது படைத்தலைவர்க்கானது. பொதுமக்களுக்கான விளையாட்டுக்கு வழிவகுத்தவர்களுள் தலையாயவர், அறிவியல் புதினங்களால் நாம் அறிந்த எச்.ஜி. வெல்ஸ். 1913-இல் வெளிவந்த ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் அவருடைய நூல், தரையில் பொம்மை வீரர்களை நிறுத்தி, வில்விசையால் மரத்துண்டை எறியும் பொம்மைப் பீரங்கியால் வீழ்த்தி ஆடும் விதிகளைக் கூறுகின்றது. பெரும்போர் எத்துணை மூடத்தனமானது என்பதை இச்சிறுபோரை ஆடுவோர் உணர்வர் என்பது அவருடைய நம்பிக்கை. நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது.

வெல்ஸ் பயன்படுத்திய பொம்மைகள் 54 மில்லிமீட்டர் அளவின. பின்னர் 28, 15, 10 என்று அளவு குறைந்துகொண்டே வந்து, ஆறிலும், சிலர் கைவண்ணத்தில் இரண்டிலும் வந்து நின்றது. இரண்டு மில்லிமீட்டரில் தனி மனிதன் இல்லை. புள்ளிகள் செறிந்த ஒரு கட்டியே படைப்பிரிவு. இவ்வளவு சிறுமை எதற்கு என்று மருமகனைத் தொலைபேசியில் வினவினேன். “பெரிய பொம்மையில் மனிதர் தெரிவர் மாமா, படை தெரியாது. சின்னதில்தான் படை தெரியும்” என்றான். அவன் தமிழில் மதிப்பெண் குறைவாகப் பெற்றவன். ஆனால் இந்த விடை எனக்குப் பிடித்திருந்தது.

இதனை நானே கணக்கிட்டுப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் என்பது முந்நூற்றில் ஒரு பங்கு அளவு. 1898 செப்டம்பர் 2-ஆம் நாள் காலை, சூடானில் நைல் ஆற்றங்கரையில் ஓம்துர்மான் நகருக்கு வடக்கே, கலீபா அப்துல்லாஹியின் ஐம்பதினாயிரம் பேர் கொண்ட படை, கிச்சனரின் ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் பேர் கொண்ட படையை எதிர்த்து வந்தது. இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே பீரங்கிகள் சுடத் தொடங்கின. அந்தத் தொலைவை இந்த அளவில் மேசைமேல் காட்ட வேண்டுமாயின் எட்டு மீட்டருக்குமேல் நீளமான மேசை வேண்டும். நம் துறை அறையின் ஒரு கோடியில் இருக்கும் நூலடுக்கிலிருந்து மறு கோடியில் இருக்கும் சாளரம் வரை அளந்தேன். ஆறரை மீட்டரே இருந்தது. நூலடுக்கின் அடியில் ஒரு நெல்மணியை வைத்து, மறு கோடியில் வந்து நின்று பார்த்தேன். அந்த நெல்மணி வெள்ளைத் துணி உடுத்து, வேல் ஏந்தி, திறந்த மணல்வெளியில் இவ்வளவு தொலைவும் நடந்து வரவேண்டும். இடையில் மறைவிடம் மிகக் குறைவு. எதிரே பீரங்கி, மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி, ஆற்றில் நிற்கும் பீரங்கிப் படகுகள். நண்பகலுக்குள் ஏறத்தாழ 10,000 அன்சாரிகள் மாண்டனர். கிச்சனர் பக்கத்தில் மாண்டோர் ஐம்பதுக்கும் குறைவு.

பெரிய பொம்மைகளைக் கொண்டு ஆடும்போது மேசையின் நீளம் போதாமையால் தொலைவைச் சுருக்கிவிடுவர். வேலும் துப்பாக்கியும் ஒரு முழ இடைவெளியில் எதிரெதிரே நிற்க, இருவரும் சமமாகப் பொருதது போன்ற தோற்றம் வந்துவிடும். பொம்மை சிறுத்தால், நடுவிலுள்ள வெறுநிலம் விரிந்து கண்ணில் படுகின்றது. அந்த வெறுநிலமே அந்தப் போர். வரலாற்று நூல்களில் இதனைப் பலமுறை படித்திருக்கின்றேன். துறை அறையின் தரையில் நெல்மணியைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு கனத்தது.

பொட்டலத்தில் இருந்த சிறு உறைகளின்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த பெயர்களுக்கு வருகின்றேன். அன்சாரிகளுக்கு ‘டெர்விஷ்’ என்று பெயர். சூடானில் 1881-இல் தம்மை மஹ்தி என அறிவித்த முஹம்மது அஹ்மத், தம்மைப் பின்பற்றுவோரை அச்சொல்லால் அழைத்தலாகாது எனத் தடுத்து, மதீனத்து மக்கள் நபிபெருமானாருக்குத் துணைநின்று பெற்ற ‘அன்சார்’ என்னும் பெயரையே அவர்களுக்கு வழங்கினார். அவருடைய மஹ்திக் கொள்கையை நாம் ஏற்கின்றோமா இல்லையா என்பது வேறு. அக்காலத்து உலமாக்களிலேயே பலர் ஏற்கவில்லை. ஒரு கூட்டத்தார் தமக்கு வேண்டாம் என்ற பெயரை, நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் நெற்றியில் ஒட்டுவது முறையா என்பதே என் வினா. செங்கடற் பகுதியின் பெஜா மக்களுக்கு அவர்களுடைய சுருள்முடியைச் சுட்டிப் படைவீரர் சூட்டியதும், கிப்ளிங் தம் பாடலால் நிலைபெறச் செய்ததுமான கேலிப்பெயர் ஒன்று உண்டு. அதுவும் இவ்விளையாட்டு உலகில் இன்றும் வழங்குகின்றது. அதை இங்கே எழுத என் பேனாவுக்கு மனமில்லை.

அவர்களுடைய மேலாடையின் பெயர் ஜுப்பா. நாம் ஜிப்பா என வழங்கும் சொல்லுக்கும் அதுவே மூலம். உலகப்பற்று அற்றோர் அணியும் கந்தல் ஆடையின் அடையாளமாக, வெள்ளைத் துணியில் வண்ண ஒட்டுத்துண்டுகளைத் தைத்து அணிந்தனர். நாளடைவில் வறுமையின் அடையாளமே படையின் சீருடையாகி, ஒட்டுகளும் ஒழுங்கான சதுரங்களாயின. ஆறு மில்லிமீட்டர் உருவத்தில் அந்த ஒட்டு, தூரிகை நுனி ஒருமுறை தொட்டு எடுக்கும் புள்ளி, அவ்வளவே. மருமகன் சொல்லியபடி முதலில் முழுதும் கறுப்பு அடித்து, காய்ந்தபின் மேலே வெள்ளை தடவி, இடுக்குகளில் கறுப்பை அப்படியே விட்டேன். முகத்திற்கு ஒரு பழுப்புப் புள்ளி. கண் வரைவதில்லை, வரைந்தாலும் தெரியாது.

இந்த முகமின்மையே எங்கள் வீட்டில் ஒரு சிக்கலைத் தீர்த்தது. உருவப் பொம்மைகள் வீட்டில் இருப்பதை உம்மா விரும்புவதில்லை. நான் மேசைமேல் பரப்பியிருந்ததைக் கண்டு அருகே வந்தவர், கண்ணாடியைத் தூக்கியும் இறக்கியும் பார்த்துவிட்டு, “இதுக்குக் கண்ணுமில்லை, மூக்குமில்லை, கடுகு தாளிச்ச மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்” என்று தீர்ப்பளித்தார். ஆயிஷா நாயகி சிறுவயதில் பொம்மைகளோடு விளையாடிய செய்தியை ஆதாரமாகக் காட்டலாம் என்று நான் ஆயத்தமாக வைத்திருந்தேன். அதற்குத் தேவையே ஏற்படவில்லை.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று தோன்றுகின்றது. தமிழில் பரணி என்னும் சிற்றிலக்கியம் தோற்றவர் பெயரால் வழங்கும். வென்றவன் சோழன், நூலோ கலிங்கத்துப்பரணி. தக்கயாகப்பரணியும் அவ்வாறே. இந்த ஈயப் படைகளின் பட்டியலைப் பார்த்தால் அங்கும் அதே மரபு: சூடான், ஜூலு, ஆப்கன் என்று தோற்கடிக்கப்பட்ட அல்லது தோற்கடிக்க முயன்ற நாட்டின் பெயராலேயே ஒவ்வொரு தொகுதியும் விற்கப்படுகின்றது. ஆங்கிலேயர் எல்லாத் தொகுதிகளிலும் உளர். அவர்கள் பெயரால் தொகுதி இல்லை. செயங்கொண்டார் இதனைக் கண்டால் புன்னகை புரிவார். ஆயினும் பரணி முழுதும் வென்றவன் புகழே என்பதையும் மறத்தற்கில்லை. தோற்றவனுக்கு அதில் கிடைப்பது தலைப்பு மட்டுமே.

விளையாட்டின் விதிகளிலும் இதற்கு நிகரான ஒன்றைக் கண்டேன். ஓம்துர்மான் போன்ற களத்தை உள்ளபடி ஆடினால் முடிவு முன்னமே தெரிந்தது, ஆட்டம் சுவைக்காது. ஆகவே சிலர், ஆங்கிலேயர் பக்கத்தை ஆடுபவர் இத்தனை வீரருக்கு மேல் இழந்தால் அவர் தோற்றார் என்று வைத்துக்கொள்கின்றனர். அவ்வாறாயின் ஓர் ஆங்கிலேய வீரனுக்கு எத்தனை அன்சாரிகள் நிகர் என்று ஒரு வாய்பாடு வேண்டும். வாய்பாடு எழுதியவர் மேல் எனக்குச் சினமில்லை. ஆட்டம் சமமாக வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் அந்த வாய்பாட்டை அவர் புதிதாகப் படைக்கவில்லை. அக்காலத்துச் செய்தித்தாள்களும் அதே கணக்கைத்தான் போட்டன. மேலும் சில ஆட்டங்களில் அன்சாரிகளின் பக்கத்தை ஆடுவதற்கு ஆளே கிடையாது. சீட்டை எடுத்து அதன்படி அவர்களை நகர்த்துவர். அதாவது, அவர்கள் எண்ணுவதில்லை, எழுந்து வருகின்றனர், அவ்வளவே. உண்மையில் கலீபா படையைப் பிரித்து ஒரு பகுதியை மலைக்குப் பின்னே மறைத்து வைத்து, கிச்சனரின் படை நகரத் தொடங்கியபின் பாய்ச்சினார். அவரும் கணக்குப் போட்டவர்தாம்.

போருக்குப் பின் நிகழ்ந்ததை மேசைமேல் யாரும் ஆடுவதில்லை. 1885-இல் மறைந்த மஹ்தியின் அடக்கத்தலம் ஓம்துர்மானில் இருந்தது. பீரங்கிக் குண்டுகளால் துளைபட்ட அதனைக் கிச்சனர் தகர்ப்பித்து, எலும்புகளை நைல் ஆற்றில் எறியச் செய்தார். இங்கிலாந்திலேயே அதற்குக் கண்டனம் எழுந்தது. 1947-இல் மஹ்தியின் மகன் அப்துர் ரஹ்மான் அதனை மீண்டும் கட்டினார். மருமகன் தன் மேசைக்காக அக்கட்டடத்தை, மேசைப்பந்து ஒன்றைப் பாதியாக அறுத்துக் குவிமாடமாக்கிச் செய்திருந்தான், படம் அனுப்பினான். குவிமாடத்தில் ஊசியால் துளைகளும் இட்டிருந்தான். துளையில்லாத மறு பாதியை என்ன செய்தாய் என்று கேட்டேன். வைத்திருப்பதாகச் சொன்னான்.

இவ்வளவு நேரம் இதனை முஸ்லிம்கள் ஒருபுறம், ஆங்கிலேயர் மறுபுறம் என்பது போல் எழுதிவந்தேன். களம் அத்துணை எளிதாகப் பிரிந்து நிற்கவில்லை. கிச்சனர் படையில் மூன்றில் இரு பங்கினர் எகிப்தியரும் சூடானியரும் ஆவர். அவர்களிலும் பெரும்பாலோர் தொழுகையாளிகளே. இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. ஓம்துர்மானுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னர், 1885-இல், செங்கடல் துறைமுகமான சுவாகினுக்கு இந்தியாவிலிருந்து ஒரு படை அனுப்பப்பட்டது. அதில் சீக்கியர், வங்கப் படையினர், பம்பாய்ப் படையினர் ஆகியோருடன் மதராஸ் சேப்பர்களும் சென்றனர். பாதை திருத்தவும், பாலம் அமைக்கவும், அரண் எடுக்கவும் பயின்ற படை அது, 1780-இல் தோன்றியது. தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் கிறித்தவரும் முஸ்லிம்களுமாகக் கலந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அதன் இன்றைய வழித்தோன்றலின் வீரர்களைப் பிற படையினர் ‘தம்பி’ என்றே அழைப்பர்.

1885 மார்ச் 22-ஆம் நாள், மக்நீல் என்னும் தளபதியின் கீழ் இப்படையின் ஒரு பகுதி சுவாகினிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உள்ளே சென்று, தோஃப்ரெக் என்னும் இடத்தில் முள்வேலி அரண் அமைத்துக்கொண்டிருந்தது. அரபியில் அவ்வரணுக்கு ஜரீபா என்று பெயர். நம் பழைய நூல்கள் மிளை என்று கூறும் காவற்காட்டின் ஏழைத் தம்பி அது. சேப்பர்கள் முட்புதரை வெட்டிக்கொண்டிருந்தனர். மற்றவருள் சிலர் உண்டுகொண்டிருந்தனர். அவ்வேளையில் உஸ்மான் திக்னாவின் வீரர்கள் புதர்களிலிருந்து திடீரெனப் பாய்ந்தனர். வங்கப் படையினரின் அணி சிதறிற்று. சுமை ஒட்டகங்கள் வெருண்டு இரு தரப்புக்கும் நடுவே ஓடின, நூற்றுக்கணக்கில் மடிந்தன. கைகலந்த கடும்போர் ஏறத்தாழ இருபது நிமிடமே. ஆங்கிலேய, இந்தியப் படைகளில் நூற்றுக்கு மேற்பட்டோரும், எதிர்த்தரப்பில் அதனினும் பன்மடங்கினரும் மாண்டனர். புதர் வெட்டச் சென்ற சேப்பர்களிலும் திரும்பாதவர் உளர். ‘தோஃப்ரெக்’ என்னும் பெயர் அப்படையின் போர்ச் சிறப்புகளுள் ஒன்றாக இன்றும் இருக்கின்றது.

சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் பெருவிறற்கிள்ளியும் ஒரே களத்தில் மாண்டபோது கழாத்தலையாரும் பரணரும் புறநானூற்றில் பாடினர். யார் வென்றார் என்று சொல்ல எவரும் எஞ்சாத களம் அது. தோஃப்ரெக்கில் வென்றவர் யார் என்பதில் ஐயமில்லை. ஆனால் கழாத்தலையார் நின்ற இடத்தில் ஒருவர் அங்கு நின்றிருந்தால், முட்புதரின் இருபுறமும் கிடந்தவருள் எவரை நோக்கி முதலில் திரும்பியிருப்பார்? கையில் வெட்டரிவாளோடு கிடந்தவன் பேசியிருக்கக்கூடிய மொழி என் மொழி. அவன்மேல் பாய்ந்து வந்து வீழ்ந்தவன் இறுதியாக மொழிந்திருக்கக்கூடிய கலிமா என் கலிமா. இருவருக்குமே தங்களை எதிரெதிரே நிறுத்தியது எது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒருவனுக்கு மாதச் சம்பளம். மற்றவனுக்கு அவனுடைய மண். இரண்டும் சமம் என்று நான் கூறமாட்டேன். மண்ணைக் காத்தவன் பக்கமே நியாயம் என்பது என் முடிவு. ஆயினும் சம்பளத்திற்குப் புதர் வெட்டியவனை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

மருமகனிடம் இதனைக் கூறினேன். அவன் ஓம்துர்மானை விட்டுவிட்டுத் தோஃப்ரெக்கை ஆடலாம் என்றான். முந்நூற்றில் ஒரு பங்கு அளவில் அந்த முள்வேலிச் சதுரம் மேசைமேல் ஓரிரு சாண் அளவே வரும். ஆகவே இங்கே தொலைவைச் சுருக்க வேண்டியதில்லை. சீட்டெடுத்து நகர்த்தும் முறை கூடாது, உஸ்மான் திக்னாவுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றேன். “நானே இருக்கிறேன் மாமா. நீங்கள் மக்நீல்” என்றான். மக்நீலாக இருக்க எனக்கு விருப்பமில்லை, சேப்பர்களாக மட்டும் இருக்கலாமா என்று கேட்டேன். புதர் வெட்டும் ஒரு சிறு பிரிவை மட்டும் தனியே ஒருவர் ஆட விதிநூலில் இடமில்லை என்று சிரித்தான். பின்னர், அவர்களுக்கான பகடையை நான் உருட்டுவது என்றும், மக்நீலாக அவன் தந்தை அமர்வது என்றும் உடன்பாடாயிற்று. அவன் தந்தைக்கு, அதாவது என் மச்சானுக்கு, இச்செய்தி இன்னும் சொல்லப்படவில்லை.

உறைகளின்மேல் இருந்த பெயர்களை அடித்துவிட்டு, ‘அன்சார்’ என்றும் ‘பெஜா’ என்றும் தமிழில் எழுதி ஒட்டினேன். சேப்பர்களுக்கெனத் தனி உறை இல்லை. இந்தியக் காலாட்படை என்றிருந்ததில் இருபத்து நால்வரைப் பிரித்தெடுத்துக் காக்கி பூசியிருக்கின்றேன். முள்வேலிக்குத் தென்னை நாரைப் பிய்த்துப் பசையில் தோய்த்துச் சுருட்டியதில் நல்ல பயன் கிடைத்தது. உம்மாவே நார் உரித்துக் கொடுத்தார். அரிவாள் பிடித்த கைகள் வார்ப்பில் இல்லை. குண்டூசியின் முனையை வெட்டி ஒட்டிப் பார்த்தேன்; மூவருக்கு நின்றது, மற்றவர்க்கு நிற்கவில்லை. மருமகன் வருவதற்கு இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன. ஒட்டகங்களுக்குத்தான் இன்னும் வண்ணம் தீட்டவில்லை.